ரோட்டு மட்டம்

கட்டி முடித்தபோது மூன்று படி ஏறி உள்ளே போனோம்.
இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம்.
வீடு அசையவில்லை.
தேர்தலுக்குத் தேர்தல் ஒரு தார்,
புதுப்பாளையத்துக் குறுக்குத் தெரு
எங்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது.

கெடிலம் பொங்கிய வருஷம்
கட்டில் காலுக்கு நாலு செங்கல் கொடுத்தோம்.
இன்னும் எடுக்கவில்லை.
ஏறிப் படுத்துப் பழகிவிட்டது.

இன்ஜினியர் நெடுஞ்செழியன் சின்னச் சுத்தியலோடு வந்தார்.
ஹாலில் டங். படுக்கையறையில் டங்.
சமையலறையில் டொப்.
அதற்கப்புறம் யாரும் பேசவில்லை,
ஃபிரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மூன்று கணக்கு எழுதித் தந்தார்.
மராமத்து பதினொன்றரை லட்சம்.
இடித்துக் கட்டினால் நாற்பத்து நாலு.
நடுவில் ஒன்று: ஜாக்கி வைத்துத் தூக்குவது.
வடக்கேயிருந்து ஆட்கள் வருவார்கள்,
இருநூறு ஜாக்கி, ஒரே விசில்,
விசிலுக்கு ஒரு நூல் உயரும்.
"உள்ள டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூட சிந்தாதுங்க."
எனக்கு அது பிடித்துப்போயிற்று.
இரண்டு ராத்திரி தூக்கத்தில்
வீட்டை ஏற்றிக்கொண்டே இருந்தேன்,
அலமாரிச் சாமான் கலையாமல்,
சுவர்க் கடிகாரம் நிற்காமல்.

மஸ்கட்டிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான்.
"இடிச்சுடுக்கா. கீழ கார், மேல ரெண்டு போர்ஷன்."
சமையலறையைக் காட்டினேன்.
அவன் கண்ணுக்கு அங்கே கார்தான் தெரிந்தது.
இவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்:
பி.எஃப்., மகளின் கடைசி வருஷ ஃபீஸ்.
அதில் கழித்தல் பட்டன் மட்டும் தேய்ந்திருந்தது.

தூக்கலாம், முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று
பார்த்துவிடுவோம் என்றார் நெடுஞ்செழியன்.
சனிக்கிழமை ஏகாம்பரம் மேஸ்திரி
சமையலறைத் தளத்தில் உளி வைத்தார்.
ஒரே அடி. முறம் அளவுக்கு உரிந்து விழுந்தது.
கம்பி இருந்த இடத்தில் செம்பொடி.
பக்கத்தில் வெள்ளையாய், முழுசாய்
ஒரு கிளிஞ்சல்.

"பெண்ணையாத்து மணல். லோடு லோடா நின்னு எறக்கினேன்."
அப்பா சாகும்வரை சொன்னார்,
வருகிறவர்களின் காபி ஆறும்வரை சொன்னார்.
தேவனாம்பட்டினம் எங்களுக்குக் கூப்பிடு தூரம்.
கடல் மணல் சும்மா, வண்டிக்கூலி மட்டும்தான்.
எண்பத்து நாலு.
அந்த வருஷம்தான் வேலூரில் என் காலுக்கு
இரண்டு தடவை ஆபரேஷன்.
பணம் எதிலிருந்து மிஞ்சியது என்று
எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

தானே புயலுக்குக்கூட ஓரம் உடையாமல் நின்ற கூரை.
அன்றைக்கும் உள்ளே உப்பு
தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது.
ஏகாம்பரம் கரண்டியால் வாரி
எல்லாவற்றையும் சாக்கில் போட்டார்.
நான் தடுக்கவில்லை.
தம்பியிடம் கம்பியைப் பற்றி மட்டும் சொன்னேன்.

இடிக்கத்தான் போகிறோம்.
தை பிறக்கட்டும் என்றிருக்கிறோம்.
இப்போது பேச்சு உயரத்தைப் பற்றி.
ரோட்டுக்கு மேலே நாலடி வேண்டுமாம்,
இனி போடப்போகிற தாருக்கும் சேர்த்து.
ஈபி கம்பத்தில் நீலச் சாக்பீஸால்
ஒரு கோடு இழுத்தார்கள்.
எதிர்வீட்டுக் கலியபெருமாள்
பால் பாக்கெட்டோடு நின்று கோட்டைப் பார்த்தார்.
அப்புறம் தன் வாசற்படியைப் பார்த்தார்.
அந்த வெள்ளத்தில் தெருவுக்கே இருந்த ஒரு மோட்டாரை
எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்.
"நல்ல உயரந்தாம்மா" என்றார்.
போகவில்லை, நின்றார்.

இனி எங்கள் மழையும் அவர் வீட்டுக்குத்தான்.

மட்டக்குழாயின் ஒரு முனை என் கையில்.
தெரியாமல் செய்வதுபோல்
இரண்டு அங்குலம் இறக்கிப் பிடித்தேன்.
"ஆட்டாதீங்கம்மா," என்றார் ஏகாம்பரம்,
"தண்ணி நிக்கட்டும்."